பழைய லேப்டாப்பும் வராத நெட்டும்: நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் பழைய லேப்டாப் இப்போது என் மேஜையில். 2009 மாடல், உள்ளே விண்டோஸ் 7 என்ற ஓஎஸ் (இயங்குதளம்). வயரிலும் நெட் வரவில்லை, வைஃபையிலும் வரவில்லை. அதே ரவுட்டரில் ஃபோன் நன்றாக ஓடுகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஓஎஸ்ஸை அழிச்சுட்டுப் புதுசாப் போடு." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் தெரியாமல் அழித்தால் தடயமும் சேர்ந்தே போய்விடும். வயரும் வைஃபையும் ஒன்றாகப் படுத்துவிட்டதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வயருக்கு ஒரு சிப், வைஃபைக்குத் தனி கார்டு, இரண்டுக்கும் வேறு வேறு டிரைவர் மென்பொருள். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் வயர். அதில் பாஸ்வேர்ட், சேனல், சிக்னல் என்ற தொல்லை கிடையாது.

கேபிளைச் செருகியதும் போர்ட்டின் ஓரத்துப் பச்சை விளக்கு எரிந்தது, சில விநாடியில் அணைந்தது, மறுபடி எரிந்தது. திரையில் ஒரு சமயம் கேபிளே இல்லை என்கிறது. இன்னொரு சமயம் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டுகிறது. அது ரவுட்டர் கொடுத்த முகவரி இல்லை. கேட்டும் பதில் வராதபோது லேப்டாப் தானாக வைத்துக்கொள்வது. அதைப் பார்த்துவிட்டு, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸையோ பிரவுசரையோ நோண்டுவது வீண். பேச்சு ரவுட்டர் வரைக்கும் போகவே இல்லை.

வேறு கேபிள், ரவுட்டரில் வேறு போர்ட். அதே கதைதான்.

ஜூன் 4, புதன்

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸ்ஸை பூட் செய்தேன். இதிலும் விளக்கு அதேபோல் எரிந்து அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. அப்படியேதான் நடந்தது. கணினியின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால் லிங்க் அப் (இணைப்பு வந்தது), லிங்க் டவுன் (போனது) என்று மாறி மாறி வரிகள்.

ஈத்தர்நெட் கேபிளில், அதாவது இந்த நெட் வயரில், 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். எந்த வேகத்தில் ஓடுவது என்று இரண்டு முனைகளும் முதலில் பேசிக்கொள்வது அந்த நான்கு கம்பிகளில்தான். "ஜிகாபிட்டே ஆகட்டும்" என்று முடிவெடுத்து ஆரம்பிக்கும்போது மற்ற நான்கில் ஒன்று தொடாமல் இருந்தால் லிங்க் விழும். மறுபடி முதலிலிருந்து பேச்சு. இந்த விளக்கு காட்டுவது அதுவாக இருக்கலாம் என்று பட்டது. போர்ட்டின் வேகத்தை மாற்றும் ஈத்டூல் கட்டளையில் ஜிகாபிட்டை மட்டும் நீக்கி 100 வரைக்கும் விட்டேன். விளக்கு அசையாமல் எரிந்தது. ரவுட்டர் கொடுக்கும் 192.168 முகவரியும் உடனே வந்தது.

இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனைகளும் வேகம் பேசிக்கொள்வதை) மொத்தமாக அணைத்துவிட்டு வேகத்தைக் கட்டாயமாக வைக்கக் கூடாது. ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) பிடிவாதமாக நின்றால், ஆட்டோவில் இருக்கும் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (மாறி மாறி மட்டும்) இறங்கிவிடும். விளக்கு எரியும், பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) போகும், பெரிய ஃபைல் மட்டும் நகரவே நகராது.

அப்புறம் லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்ட்டுக்குள் டார்ச் அடித்தேன். தங்க நிறத்தில் எட்டு மெல்லிய பின்கள். ஏழு பின்கள் ஒரே சாய்வில் எழுந்து நிற்கின்றன. ஓரத்தில் இருக்கும் எட்டாவது மட்டும் உள்ளே அழுந்தி, பிளாஸ்டிக் பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. பல்குத்தும் குச்சியின் முனையால் மெல்ல நெம்பினேன். மற்ற ஏழின் உயரத்துக்கு வரவில்லை, ஆனால் கேபிளைத் தொடும் அளவுக்கு வந்தது. ஜிகாபிட்டைத் திரும்பச் சேர்த்த பிறகும் விளக்கு அணையவில்லை.

பழைய லேப்டாப்களில் பக்கத்திலேயே மோடம் போர்ட்டும் இருக்கும். தொலைபேசி பிளக்கைத் தவறுதலாக ஈத்தர்நெட் போர்ட்டில் செருகினால் ஓரத்துப் பின்கள் இப்படி அழுந்தக்கூடும்.

ஜூன் 6, வெள்ளி

வைஃபையில் நெட்வொர்க்குகளின் பெயர்ப் பட்டியலே வரவில்லை. லினக்ஸில், வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் ஆர்எஃப்கில் கட்டளை, சாஃப்ட் பிளாக் (மென்பொருள் தடை) இல்லை, ஹார்டு பிளாக் (வன்பொருள் தடை) இருக்கிறது என்றது. ஹார்டு என்றால் பெரும்பாலும் கையால் தள்ளும் சுவிட்ச்தான். முன் விளிம்பின் அடியில், நகம் மட்டும் நுழையும் அளவில் ஒன்று இருந்தது. தள்ளியதும் பட்டியல் நிரம்பியது. எங்கள் வைஃபை மட்டும் அதில் இல்லை.

ஜூன் 7, சனி

வைஃபை கார்டு 802.11 ஜி என்ற வகை. 2003இல் வந்த தரம், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழாது. ரவுட்டரின் 2.4 பக்கத்தைப் பார்த்தால், ஆட்டோவில் 13ஆம் சேனலைப் பிடித்து வைத்திருக்கிறது. 11ஆம் சேனலோடு நிற்கும்படி பூட்டி விற்ற கார்டுகள் உண்டு. 12, 13 பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்க்காது. சேனலை 6இல் நிறுத்தியதும் பெயர் தெரிந்தது.

பாஸ்வேர்டைக் கொடுத்தால் இணைய மறுத்தது. ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை மட்டும் போட்டிருக்கிறது. 2018இல் வந்த அந்த முறை இந்தக் கார்டுக்குத் தெரியாது. ஒரு லேப்டாப்புக்காக மொத்த நெட்வொர்க்கின் பாதுகாப்பையும் இறக்க எனக்கு மனமில்லை. விருந்தினர் நெட்வொர்க்கை மட்டும் 2.4இல் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம் என்று வைத்தேன். சேர்ந்துகொண்டது. பழைய கார்டு என்றாலே டபிள்யூஇபி என்ற இன்னும் பழைய முறையைப் போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001இலேயே உடைபட்ட பூட்டு அது. தயவுசெய்து வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

ரவுட்டர் இருக்கும் அறையில் சிக்னல் முழுசு. அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடுகிறது. அடிப்பக்க மூடியைத் திறந்தேன். வைஃபை கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு பித்தளைப் பொட்டுகள். கறுப்பு வயர் தன் இடத்தில் இருக்கிறது. முக்கியமான வெள்ளை வயர் கழன்று பக்கத்தில் கிடக்கிறது. அதன் முனையை நேராகப் பொட்டின் மேல் வைத்து விரலால் அழுத்தினேன். "டிக்" என்று உட்கார்ந்தது. சாய்த்து அழுத்தினால் அந்த முனை நசுங்கிவிடும். இப்போது அடுத்த அறையிலும் அறுவதில்லை.

ஜூன் 12, வியாழன்

விண்டோஸில் 8.8.8.8க்கு (கூகுளின் டிஎன்எஸ் முகவரி) பிங் போகிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தாலும் முகவரி கிடைக்கிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது. திரையின் மூலையில் தேதி: 2009 ஜனவரி 1. இன்றைய சான்றிதழ் எதுவும் அந்தத் தேதியில் பிறந்திருக்காது.

தேதியைத் திருத்தியதும் தளங்கள் திறந்தன. அணைத்துப் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மீண்டும் 2009. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி செத்துவிட்டது. சிஆர்2032தான், ஆனால் இரண்டு வயர் வைத்து உறை சுற்றியது. அதே பிளக்கோடு வாங்கி மாற்ற வேண்டும்.

ஜூன் 14, சனி

பேட்டரி மாற்றியாயிற்று, தேதி நிற்கிறது. இனி லினக்ஸை நிரந்தரமாகப் போடப் போகிறேன். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறக்க அக்காவை விடமாட்டேன்.

"அப்போ எல்லாரும் முதல்லயே சொன்னதைத்தானே செய்யறே?" என்று அக்கா கேட்டாள். அழுந்திய பின்னையும் கழன்ற ஆன்டெனாவையும் காட்டி, "ஓஎஸ் மட்டும் மாத்தியிருந்தா இதெல்லாம் இப்படியே இருந்திருக்கும்க்கா" என்றேன்.

ஜி கார்டு பெயரளவில் 54 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது நல்ல நிலையில் 20 சொச்சம். படிக்க, மெயில் பார்க்கப் போதும். வீடியோ அழைப்புக்கு வயரைச் செருகச் சொல்லியிருக்கிறேன். 2.4, 5 இரண்டு பக்கமும் வேலை செய்யும் 802.11 என் (n) வகைக் கார்டு ஒன்றைப் போடலாம், கார்டைச் செருகும் இடமும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைதான். சில லேப்டாப்களின் பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காமல் லேப்டாப்பைக் கிளம்பவே விடாது என்பதால், வாங்கும் முன் இந்த மாடலுக்கு எந்தெந்தக் கார்டுகள் வந்தன என்று அதன் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும்.