ஒன்பது பேர் கணக்கு

"ஒன்பதோட வெச்சுக்கோங்க பாய்" என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்டார், சொன்னேன். கேட்காமல் யோசனை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு அது நல்லதும் இல்லை.

பாய் ஆம்பூர் பக்கம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் சின்ன யூனிட் வைத்திருப்பவர். அவருக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்த வருடம் பாய்க்கு வேலை குவிந்தது. இன்னும் நாலு மெஷின் போட்டால் இடைத்தரகர் இல்லாமல் ஒரு பெரிய கம்பெனியே நேரடியாக ஆர்டர் கொடுக்கத் தயாராக இருந்தது. போட்டால் ஆட்கள் பதினாலாகும். மோட்டார் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால், அப்போதிருந்த 1948ஆம் வருடச் சட்டப்படி அது தொழிற்சாலை. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யும் பத்திலிருந்துதான் ஆரம்பம்.

ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "இது கட்டிடலாம் சார். கட்டுன அப்புறம் யார் யார் வருவாங்கோ, அதைச் சொல்லுங்க" என்றார்.

ஏற்கெனவே ஒருவர் வந்துகொண்டிருந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். முதல் தடவை ஏதோ ஒரு ரிஜிஸ்டர் இல்லை என்றார். ரிஜிஸ்டரை வாங்கி எழுதி வைத்தோம். அப்புறம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, மாமூல் மட்டும் நிரந்தரமாகிவிட்டது. பண்டிகை வந்தால் தனி. தொகை பெரிதில்லை, ஆனால் அடுத்த தடவை எவ்வளவு என்று தெரியாது. "ரேட் தெரிஞ்சா அதையும் ஜோடிக்கு இவ்ளோன்னு சேத்துக்குவேன் சார்" என்று பாய் ஒருமுறை சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அதுதான் விஷயமே என்று பட்டது. வட்டி, கூலி, நூல் விலை எல்லாவற்றையும் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாம். இதைப் போட முடியாது. போட முடியாத செலவை வைத்துக்கொண்டு எவன் கடன் வாங்கி மெஷின் இறக்குவான்?

என் பக்கத்துச் சங்கடம் வேறு. இந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? வருமான வரிச் சட்டத்தில் சட்டவிரோதமான கொடுக்கல் செலவாக ஏறாது. ஆகவே பாயின் சொந்த எடுப்பாக எழுதினேன். லாபத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பணம், அந்த லாபத்துக்கு வரியும் அவர்தான் கட்ட வேண்டும். பெரிய இடமென்றால் ஆலோசனைக் கட்டணம் என்று யாராவது ஒருவர் பில் கொடுத்துவிடுவார். ஒன்பது பேர் ஷெட்டுக்கு அந்த வசதி ஏது?

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம் என்றும் நான் சொல்லாமல் இல்லை. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தேன் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். இதையும் எடுத்துச் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரசாயனம் தடவின நோட்டைக் குடுத்து ஒருத்தரைப் புடிச்சிடலாம் சார். ரினீவலுக்கு அதே ஆபீசுக்குத்தானே போவணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் அந்த ஒன்பது கணக்கைச் சொன்னேன். அன்றைய நிலைமைக்கு அது சரியான யோசனைதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நினைக்கிறேன் என்று எழுதும்போதே அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். பேஸ்டிங் வேலைக்கு வருகிறவள். முன்பு பெரிய கம்பெனியில் இருந்து ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருந்தவள். அப்போது மாசமாக இருந்தாள். ஒருநாள் நான் சம்பளக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த மேசைக்கே வந்து, "சார், என் தங்கச்சி வேலைக்கு வரேன்றா. அவளைச் சேத்தா பத்தாயிடும்ல? அப்போ ஈ.எஸ்.ஐ. வந்துடுமாமே?" என்றாள். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பாயைக் கேளும்மா" என்றேன்.

"கேட்டேன் சார். கணக்கு சாரைக் கேளுன்னாரு."

தங்கையைச் சேர்க்கவில்லை. அந்தக் கம்பெனி ஆர்டரும் வரவில்லை. வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டுக்காக அவர்கள் ஈ.எஸ்.ஐ. கட்டிய சலான் கேட்டார்கள், எங்களிடம் எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணுக்குப் பிரசவ உதவிக்குத் தேவையான 70 நாள் சந்தா இல்லாததால் எப்படியும் கிடைத்திருக்காது என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன். பழைய கம்பெனியில் கட்டிய சந்தாவும் கணக்கில் வரக்கூடும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வேலைக்கு வரவில்லை.

மாமூல் வாங்கிய அந்த ஆள் ஒருவர் மட்டும் இல்லாதிருந்தால் பாய் பதினாலு பேரை வைத்திருப்பாரா? சில நாள் நிச்சயமாக வைத்திருப்பார் என்று தோன்றும். சில நாள், 3.25 சதவீதம் மிச்சமானது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது, வாங்குகிறவன் மேல் பழி போட ஒரு காரணம் கிடைத்தது என்று தோன்றும். அந்தக் காரணத்துக்குச் சட்ட விவரம் சேர்த்துக் கொடுத்தவன் நான். நான் சொல்லாவிட்டாலும் வேறு எந்தக் கணக்கரும் அதைத்தான் சொல்லியிருப்பார். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எங்கே போனாலும் எட்டு, ஒன்பது பேரில் நிற்கிற ஷெட்டுகளைப் பார்க்கிறேன். எல்லாமே தொழில் இல்லாமல் நிற்பவை அல்ல.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. மோட்டார் உள்ள இடத்துக்குத் தொழிற்சாலை வரம்பு 20 ஆகிவிட்டது. ஈ.எஸ்.ஐ. அதே பத்து. ஆனால் பத்துக்குக் குறைவான இடங்களும் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளிகளும் ஒப்புக்கொண்டால் விருப்பப்பட்டுச் சேரலாம். போன வாரம் பாயிடம் இதைச் சொன்னேன். இந்த முறை அவர் கேட்காமலே சொன்னேன்.

"நாமளே போய்ச் சேந்தா, இவன்கிட்ட இன்னா இருக்குதுன்னு பார்க்க வரமாட்டாங்களா சார்?" என்றார். விண்ணப்பத்தை எடுத்து வருகிறேன், முதலில் படித்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.