முழங்கை வித்துவான்

"டேய் முழங்கை, சங்கீத மாஸ்ரர் போயிற்றார். மலருக்கு நீதான் எழுத வேணும்."

பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைச் செயலாளர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். அறுபத்தேழு வயதில், பேத்தி பக்கத்தில் இருந்து வீட்டுவேலை எழுதிக்கொண்டிருக்க, அந்தப் பெயரைக் கேட்டேன். ரொறன்ரோ கலியாண வீடுகளிலும் எனக்கு இதே பெயர்தான். அம்மா வைத்த பெயர் கடவுச்சீட்டில் மட்டும் இருக்கிறது.

பள்ளிக்கூட மண்டபத்துப் பியானோவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடப்பக்கத்தில் அழுத்தினால் எழும்பாத கட்டைகள் மூன்று, மாரியில் ஐந்து. 1971இல் வாடை தொடங்கியிருந்த ஒரு நாள், ஐந்தாம் பாடத்துக்கு மாஸ்ரர் வரப் பிந்திற்று. நான் போய்க் குந்தி, இடது கையை முழங்கையில் இருந்து விரல்நுனி வரை அடிக்கட்டைகளின் மேல் அப்படியே கிடத்தி அமத்தினேன். வெளியே முருகைக்கல்லில் கடல் மோதுகிற சத்தம் அச்சொட்டாக வந்தது. திரும்பவும் அமத்தினேன். மூன்றாம் தரம் அமத்தும்போது வகுப்பு அமைதியாகியிருந்தது. ஏனென்று பின்னால் திரும்பாமலே தெரிந்தது.

அடுத்த நாள் காலை, தேவாரம் முடிந்ததும் மாஸ்ரர் மேடையில் நின்று கூப்பிட்டார். "வாரும் வித்துவான். நேற்று வாசிச்சதைச் சபைக்கும் ஒருக்கால் வாசிச்சுக் காட்டும்."

வாசித்தேன். சத்தம் அடங்குமட்டும் மண்டபத்தில் மூச்சு இல்லை. பிறகு பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு ஆசிரியர்களின் கதிரை வரைக்கும் வந்தது. அவர் தடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மறந்திருப்பேன். "இவருக்குச் சித்திர வகுப்புத்தான் தோது" என்று மட்டும் சொன்னார். அன்றோடு நான் சித்திரம். வேப்பமரத்தடியில் இருந்து செம்பரத்தம்பூக் கீறும்போது மண்டபத்தில் இருந்து மாயாமாளவகௌளை வரும்.

83 கலவரத்துக்குப் பிறகு எல்லாரும் போன மாதிரி நானும் போனேன். 1991 குளிருக்குள் நியூயோர்க்கில் ஒரு கார்த் தரிப்பிடத்துக் கூண்டில் எனக்கு இரவு வேலை. ஒரு சாமத்தில் வானொலியில் அந்தக் கடல் கேட்டது. வலக்கை சாதாரணமாக ஒரு மெட்டு வாசிக்கிறது. இடக்கை முழங்கையோடு கிடந்து உறுமுகிறது. ஒரு காரும் வரவில்லை, நல்லகாலம். அறிவிப்பாளர் பெயர் சொன்னார்: ஹென்றி கவல். கவலையில் ஐகாரம் போனால் வருகிற பெயர், மறக்கவே முடியாது.

அடுத்த லீவு நாளில் லிங்கன் சென்ரர் நூலகத்துக்குப் போனேன். கவல் 1897இல் கலிபோர்னியாவில் பிறந்த இசையமைப்பாளர். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத பிள்ளை. (போயிருந்தால் அவருக்கும் ஒரு காலைக்கூட்டம் கிடைத்திருக்கும்.) நான் கேட்டது 'மனௌனானின் அலைகள்'. மனௌனான் ஐரிஷ் பழங்கதையில் வருகிற கடல் தெய்வம். அதைப் பதினைந்து வயதில் எழுதியதாக அவர் சொல்லிக்கொண்டார். ஆய்வாளர்கள் 1917 என்கிறார்கள். பழைய மாணவர்கள் வயதைக் குறைத்துச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? அந்த முழங்கையோடு அவர் ஐரோப்பா போக, 1923இல் ஜேர்மனியின் லைப்சிக்கில் சபை இரண்டுபட்டு அடிபட்டுப் பொலிசும் வந்தது. அடுத்த வருடம் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் கச்சேரி. இந்தக் கொத்துச் சுரங்களைத் தானும் பாவிக்கலாமா என்று ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டொக் கடிதம் எழுதிக் கேட்டாராம். என்னைப் பார்த்துச் சிரித்த பின்வரிசை இதை வாசிக்க வேண்டும்.

பிறகு நியூயோர்க்கில் நியூ ஸ்கூல் என்ற கல்லூரியில் நெடுங்காலம் படிப்பித்தார். பேர்பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர்களில் ஜோன் கேஜ் அவரிடம் படித்தவர், கேர்ஷ்வின்னும் பாடம் கேட்டவர். நடுவில் 1936இல், அக்காலச் சட்டம் குற்றமென்று சொன்ன ஒருபாலுறவுக்காகச் சான் குவென்ரின் சிறைக்குள் நாலு வருடம். அங்கேயும் கைதிகளுக்குச் சங்கீத வகுப்பு எடுத்தார். 1942இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவமானப்பட்ட இடத்திலேயே இருந்து படிப்பித்த மனிசன். நான் கீறின செம்பரத்தம்பூக்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1931இல் பெர்லினில் அவர் கர்நாடக சங்கீதம் படித்த ஆசிரியர் பி. சாம்பமூர்த்தி. மாஸ்ரரின் மேசையில் மாட்டுத்தாள் உறை போட்டுக் கிடந்த புத்தகம் ஞாபகமா? அதை எழுதின அதே சாம்பமூர்த்தி. கவலின் 13ஆம் சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். தபேலாவும் ஜலதரங்கமும் அதில் உண்டு. 1959இல் சென்னையிலேயே அரங்கேற்றியிருக்கிறார்கள்.

கவல் 1965இல் செத்துப்போனார். அதற்கு இரண்டு வருடம் முதல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டுக் கொம்பனிக்குத் தன் துண்டுகளைத் தானே வாசித்துப் பதிந்திருந்தார். அதைக் கசற்றில் எடுத்து, இந்த விபரங்களையும் எழுதி, கொழும்பால் ஊருக்குப் போன ஒருவர் கையில் மாஸ்ரருக்குக் கொடுத்துவிட்டேன். பழிவாங்கத்தான். வேறென்னத்துக்கு?

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. கொப்பி ஒற்றையின் இரண்டு பக்கமும், அதே சரிந்த எழுத்து.

"ஒலிநாடா கிடைத்தது. கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மருமகன் பெடலைச் சுற்ற, டைனமோவில் கேட்டேன். சுருதி நிற்கவில்லை. அது அமெரிக்கனின் பிழையோ மருமகனின் பிழையோ தெரியாது. கடல் சரியாக இருந்தது. 59இல் நான் சென்னையில்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கச்சேரி விளம்பரம் பார்த்த ஞாபகம். ரிக்கற்றுக்குக் காசில்லை. நீர் இப்போது வாசிக்கிறீரா?"

மன்னிப்பு ஒரு வரியும் இல்லை. அந்தக் காலைக்கூட்டம் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்பதே தெரியாது.

கடைசிக் கேள்விக்கு நான் பதில் போடவில்லை. முதலில் தபால் ஒழுங்காகப் போகாது என்றிருந்தேன். 2002இல் சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்தது. பிறகு அவர் வீட்டுக்கும் போன் வந்தது. வருடப்பிறப்புக்கு எடுப்பேன், சீனி வருத்தம், கண் ஒப்பரேசன், இங்கத்தைய பனி என்று கதைப்போம். அவர் திரும்ப அதைக் கேட்கவில்லை. 2004இல் ஊருக்குப் போனபோது மண்டபத்தில் பியானோ இருந்த மூலையில் தண்ணீர்த் தாங்கி இருந்தது. மாஸ்ரர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழும்பினேன். பஸ் அரைமணி பிந்தித்தான் வந்தது.

மகளின் வீட்டில் இப்போது ஒரு பியானோ நிற்கிறது. பேத்தி படிக்கிறாள். மணிக்கட்டைத் தூக்கி வைக்கச் சொல்லி அவளுடைய ரீச்சர் ஓயாமல் சொல்வா. சனிக்கிழமைகளில் மூடியில் தூசி துடைப்பது என் வேலை. திறப்பதில்லை.