பெரியம்மாவின் ஆயுள் வரை

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. 2011-ல் அவர் காலமானதும், 2006-லேயே பதிவு செய்து வைத்திருந்த உயிலைப் பெரியம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாயவரம் பக்கம் இருக்கும் ஓட்டு வீட்டைப் பெரியம்மா "ஜீவிதகாலம் வரை எவ்வித பராதீனமும் செய்யாமல்", அதாவது யாருக்கும் விற்காமல், அடமானம் வைக்காமல், அனுபவிக்க வேண்டியது, அவருக்குப் பின் தம்பி மகளான நான் "சர்வ சுதந்திரமாய்" அடைய வேண்டியது என்று எழுதியிருந்தது.

வக்கீல் உயிலை மூன்று முறை படித்தார். "உங்க உரிமை இன்னிக்கே பிறந்தாச்சும்மா. கைக்கு வர்றதுதான் தள்ளிப்போகுது. பெரியம்மாவுக்கு முன்னால உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அது உங்க வாரிசுகளுக்குப் போகும்" என்றார். பிறகு ஒரு சிக்கலையும் சொன்னார். மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக ஆயுள் அனுபவம் கொடுக்கப்பட்டிருந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(1) பிரிவுப்படி அது முழு உரிமையாகவே மாறிவிடும். 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. உயிலே புதிதாக ஓர் உரிமையைக் கொடுத்து அதற்கு வரம்பும் போட்டிருந்தால், 14(2) பிரிவுப்படி அந்த வரம்பு நிற்கும். வீடு பெரியப்பாவின் சுயசம்பாத்தியம். பெரியம்மாவின் செலவுக்கென்று வங்கி டெபாசிட்டைத் தனியாக எழுதியிருந்தார். ஆகவே வரம்பு நிற்கும் என்பது வக்கீலின் கணிப்பு. ஆனால் பெரியம்மா வழக்குப் போட்டால் வாதாட இடம் உண்டு என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எதிராக இருக்கிற ஒரு காகிதத்தை அவருக்குப் புரியவைக்காமல் வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர் நாரை முடிச்சுப் போட்டுவிட்டு, "அவர் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்டி" என்றார்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம். சொத்து வரியும் கரண்ட் பில்லும் அவர் கட்டினார். முன் அறைக்கு வந்த கடை வாடகை அவருடையது. கொல்லையில் இருந்த தென்னைகளின் காய் அவருக்கு, மரத்தை வெட்டி விற்க மட்டும் முடியாது. 2015 மழையில்தான் பிரச்சினை வந்தது. தாழ்வார உத்திரம் ஒரு பக்கம் தொய்ந்துவிட்டது. ஆசாரி உளியால் தட்டினதும் உள்ளிருந்து கரையான் மண் பொலபொலவென்று கொட்டியது. அன்றாடப் பராமரிப்பு அனுபவிப்பவர் பாடு. கட்டடத்தையே காப்பாற்றும் இந்த வேலை யார் பொறுப்பு? உயிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் செலவு செய்தேன், பெரியம்மாவிடம் கேட்கவில்லை. நாளைக்கு எனக்கு வரப்போகிற வீடு, இன்றைக்கு அவர் தலைக்கு மேல் இருக்கிற கூரை. ஆயுள் அனுபவம் வைத்து உயில் எழுதுகிறவர்கள் பெரிய பழுதுக்கு யார் பணம் போடுவது என்பதையும் தயவுசெய்து எழுதிவையுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது, அது பதிவு அலுவலகத்தில் வேறு புத்தகத்தில் ஏறுகிறது. ஒரு தரகர் பெரியம்மாவிடம் விலை பேச வந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் அவர்களும் ஏமாந்திருப்பார்கள். உயிலின் சான்றிட்ட நகல் வாங்கி, பெரியம்மா பெயருக்குப் பட்டா மாற்றக் கொடுத்த மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம்.

2023-ல் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். கடைக்காரர் அவரிடம் ஐந்து வருஷ ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தார், இரண்டு வருஷம்தான் ஓடியிருந்தது. கொடுத்தவரின் உரிமை முடிந்தால் அவர் கொடுத்த குத்தகையும் முடிந்துவிடும், சொத்து மாற்றுச் சட்டம் 111-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதைக் காட்டி அவரை வெளியேற்ற எனக்கு விருப்பமில்லை. சட்டத்தை எடுத்துச் சொன்னேன், என் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பெரியம்மா வாங்கியிருந்த அட்வான்ஸை நானே ஏற்றுக்கொண்டேன்.

பட்டாவுக்கு இருவரின் இறப்புச் சான்று, உயில் நகல், வில்லங்கச் சான்று, வரி ரசீது கேட்டார்கள். வீடு சென்னைக்கு வெளியே இருப்பதால், உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றான புரோபேட் அப்போது தேவைப்படவில்லை. மின் இணைப்புக்குத் தனி மனு. புது வரி ரசீதில் என் பெயரைப் பார்த்த அன்று, பெரியம்மாவின் பெயரில் இருந்த பழைய ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கி, பெரியப்பாவின் உயிலோடு அதே பீரோவில் வைத்தேன். ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.