பேருந்து நிறுத்தம் வரை 400 மீட்டர்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, நடமாட்டம் சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகுதான் எங்கள் தெரு நடைபாதையை உற்றுப் பார்த்தேன். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் 400 மீட்டர். நடைபாதையிலேயே அம்மாவை அங்கே கொண்டுபோக 11 மாதம் ஆனது. இதே முயற்சியில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் மனுவில் "நடைபாதை சரியில்லை, சாய்தளம் வேண்டும்" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, பணி முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு முனையில் மட்டும் சிமெண்ட் பூசிச் சரிவு போட்டிருந்தார்கள். அதில் தள்ளியபோது நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்தவர், வீடு வரும்வரை விடவில்லை.

அன்றைக்கு இரவுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். பல நாடுகளில் சாய்தளத்துக்குச் சொல்லும் கணக்கு 1:12. அதாவது 15 செ.மீ. உயரம் ஏற 180 செ.மீ. நீளம் வேண்டும். எங்களுக்குப் போட்டிருந்தது 60 செ.மீ.

சரி, இனி அளந்துதான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும், தெரிந்த மேஸ்திரியிடம் வாங்கிய, சரிவு பார்க்கும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு நிறுத்தம் வரை நடந்தேன். மொத்தம் 14 தடைகள். அவற்றில் பாதி, படிகளே அல்ல. நட்ட நடுவில் மின்கம்பம், உடைந்த வடிகால் மூடி, நடைபாதையைக் குறுக்கே சரித்த கார் வாசல்கள், இருசக்கர வண்டி ஏறாமலிருக்க நட்ட இரும்புத் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே 70 செ.மீ. இடைவெளிதான், நாற்காலி நிம்மதியாகப் போக 90 செ.மீ.யாவது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, அளவு எழுதி, ஒரே தாளில் வரைந்தேன்.

கம்பம் ஒரு துறை, வடிகால் இன்னொரு துறை, மரம் வேறொரு துறை. அதிக அலைச்சல் இதில்தான். எல்லாருக்கும் தனித்தனி மனு கொடுத்தாலும், முழு வரைபடத்தையும் கூடவே இணையுங்கள். ஒரு தடை மீதமிருந்தாலும் மற்ற 13-ஐச் சரிசெய்து பயனில்லை என்பது அதைப் பார்த்தால்தான் அவர்களுக்குப் புரிகிறது.

வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்த ஒரு பொறியாளர் சொன்னதுதான் எனக்கு வழி திறந்தது. எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். சாலைப் பணிக்கு மதிப்பீடு போடுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடும்படியும் எழுதிக் கேட்கச் சொன்னார். தார்மேல் தார் போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும், சாய்தளத்தின் அடி பொருந்தாது, மழைத்தண்ணீரும் வீட்டுக்குள் வரும்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. பக்கத்துத் தெருவில் பார்வையற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மனுவில் கையெழுத்து கேட்டுப் போனேன். "தம்பி, அந்தப் படி இருப்பதால்தான் சாலை தொடங்கும் இடம் என் தடிக்குத் தெரிகிறது. அதைச் சமமாக்கிவிட்டால் நான் வண்டிகளுக்கு நடுவில் போய் நிற்பேன்" என்றார். என் அம்மாவுக்காக இவருக்கு ஆபத்தை உண்டாக்க இருந்தேன். தீர்வையும் அவரே சொன்னார்: சாய்தளம் சாலையைத் தொடும் இடத்தில் புள்ளி எழும்பிய தளக்கற்கள். புள்ளி என்றால் நில், கோடு என்றால் இதே திசையில் நட. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கிய கல் இது. 1967-ல் ஒக்காயாமாவில்தான் முதலில் பதித்தார்கள். மனுவைத் திருத்தி எழுதி மறுபடி அவரிடம் போனேன், கையெழுத்துப் போட்டார்.

மரத்தை வெட்டி அகலம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வெயிலில் நிழலே இல்லாமல் அம்மாவை எப்படித் தள்ளுவது? வண்டி நிறுத்தும் இடத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்கு நடைபாதையை வெளிப்பக்கம் நீட்டி, மரத்தைச் சுற்றி வழி விட்டார்கள்.

வேலை முடிந்து முதல் மழையில் இரண்டு சாய்தளங்களின் அடியில் தண்ணீர் குளமாக நின்றது. வடிகால் வாய் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் இருந்ததே காரணம். தண்ணீர் வரும் திசையில், சாய்தளத்துக்கு முன்னாலேயே அது இருக்க வேண்டும். இதை எஸ்டிமேட் நேரத்திலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் மறக்காமல் கேளுங்கள்.

போன வாரம் அம்மா நிறுத்தம் வரை வந்தார். 13 இடம் சரியாகிவிட்டது. மின்கம்பம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அங்கே ஒரு பக்கச் சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டுதான் போகிறது. அதற்கான மூன்றாவது மனுவில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.