சங்கரா மீனும் ரெக்ரெஷனும்

எம்.ஏ. பொருளியலுக்கு எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) எடுக்கத் தொடங்கிய முதல் செமஸ்டரில், ஒரு மாதம் முழுக்க வீணாய்ப் போனது. வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். போர்டில் எழுதிய மேட்ரிக்ஸ் அப்படியே நோட்டில் இறங்கும். "இந்தக் குணகம் என்ன சொல்லுது?" என்று, ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று சொல்லும் அந்த எண்ணைக் காட்டிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

புத்தகத்துத் தரவை விட்டுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் மாணவர்களை இருவர் இருவராகச் சென்னை காசிமேடு மீன் ஏலத்துக்கு அனுப்பினேன். சங்கரா எத்தனை கூடை வந்தது, கிலோ என்ன விலைக்குப் போனது, அவ்வளவுதான் குறிக்க வேண்டும். நவம்பர் நடுவில் 63 நாள் கணக்கு கையில் இருந்தது.

வரத்துக்கும் விலைக்கும் உள்ள தொடர்பைத் தரவிலிருந்து கணக்கிடும் ரெக்ரெஷன் போட்டால் குணகம் நேர்குறியில் வந்தது. வரத்து கூடினால் விலையும் கூடுகிறதாம்! விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிற தேவை விதியே தப்பா என்று ஒரு பையன் கேட்டான். காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்த மாணவி எழுந்தாள்.

"சார், ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வீடு மீன் வாங்குவாங்க. அதுக்குன்னே போட்டுங்க சனிக்கெழமை ராத்திரி கரைக்கு வந்துரும். வரத்தும் ஜாஸ்தி, வெலயும் ஜாஸ்தி."

தேவைக் கோடும் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள்) அளிப்புக் கோடும் (எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும்) சேர்ந்து நகரும்போது தரவில் இரண்டுமே தெரியாது. மூன்று வாரம் நான் சொல்லிப் புரியாதது அது. பிறகு வகுப்பு தானாக ஓடியது. காற்று பலமானால் படகு போகாது, வாங்குகிறவர் மாறுவதில்லை. அப்போது தேவைக் கோடு தெரியும். புரட்டாசியில் வாங்குகிறவர் குறைவார், கடல் மாறாது. அளிப்புக் கோடு தெரியும். 1928-இல் பொருளியலாளர் பிலிப் ரைட் ஆளி விதைச் சந்தைக்குச் சொன்ன வழியும் இதுதான், நியூயார்க் ஃபுல்டன் மீன் சந்தைத் தரவில் பொருளியலாளர் கேத்ரின் கிராடி கடல் கொந்தளிப்பைப் பயன்படுத்தியதும் இதற்குத்தான் என்று அப்புறம்தான் சொன்னேன். பெயர்கள் கடைசியில் வந்ததால் பயமுறுத்தவில்லை.

அதற்கும் அவளே மறுப்புச் சொன்னாள்: "காத்தோட மழையும் வந்தா ஜனங்களும் வரமாட்டாங்களே சார்?" சரியான கேள்வி. நகரத்தில் மழை பெய்த நாட்களை நீக்கிவிட்டு, காற்றால் வரத்து மாறியதை மட்டும் வைத்துத் திரும்பப் போட்டோம். குணகம் எதிர்குறிக்கு வந்தது, ஆனால் திட்டப்பிழை (அந்த எண் எவ்வளவு தள்ளாடலாம் என்கிற அளவு) பெரிது. '63 நாள் போதாது, இன்னொரு வருஷம் எடுக்க வேண்டும்' என்று அறிக்கையில் அவர்களே எழுதியிருந்தார்கள்.

இந்த ஆகஸ்டில் ஜூனியர்களை ஏலத்துக்கு அழைத்துப் போகிறவள் அவள்தான்.