ஏரிக்குள் ஒரு முகவரி

சென்னை வேளச்சேரியில் வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன், "2015 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது?" என்று கேட்க வேண்டும். திருமணமாகிக் கிளிநொச்சியிலிருந்து வந்த எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் மாமியார். வீட்டுத் தரகர்களைக் கேட்டால் எல்லாத் தெருவிலும் முழங்கால் அளவுதான். அதே தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் மார்பளவு என்பார். இஸ்திரிக்காரரைத்தான் நம்ப வேண்டும்.

கணவருக்குத் தரமணியில் வேலை. அதனால் வேறு பக்கம் போக வழியில்லை. முதல் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அதற்கு அவர்கள் கேட்ட முன்பணத்தில் எங்கள் ஊரில் ஒரு கறவை மாடு வாங்கலாம்.

நான் வளர்ந்தது இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களுக்கு நடுவே. வட மாகாணத்திலேயே பெரிய குளம் அது. கோடை நெல் விதைப்பான சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு செய்வார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அங்கே போனால் சண்டை போடாமல் திரும்பியதில்லை. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வேளச்சேரி ஏரியும் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிதான். வயல்கள் மனைகளாயின. பிறகு ஏரியிலும் பெரும்பகுதி வீடும் சாலையுமாகிவிட்டது. மிஞ்சியதில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. அதன் மேல் நீலத் தாழைக்கோழிகள் சாவகாசமாக நடக்கின்றன. சாக்கடை நாற்றம் அவற்றுக்குப் பழகிவிட்டது போலும். வயல் போனதும் ஏரிக்கு வேலை இல்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம். மழைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் பழைய வழியிலேயே இறங்கி வருகிறது. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலமும் பழைய பரப்பில் இல்லை. போக இடமில்லாத தண்ணீர் படியேறி வருகிறது.

"குளத்துக்குள்ளேயா வீடு எடுத்திருக்கிறாய், பிள்ளை?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்குத் தீராத வியப்பு எதிர்வீடுதான். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் அந்த வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. வாசலிலிருந்து தெருவுக்கு ஏறித்தான் வர வேண்டும். போன கோடையில் அடித்தளத்தைச் சுற்றி வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருக, வீடு மொத்தமும் மேலே எழுந்தது. லாரி டயர் மாற்றும் அதே ஜாக்கி! அந்த வீட்டு மாமி தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரிசல் விழுகிறதா என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை தார் போடுபவர்கள் என்ன செய்வார்களோ!

அக்டோபர் பிறந்துவிட்டால் எல்லோருக்கும் வானிலை அறிக்கை மனப்பாடம். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசை கட்டுகின்றன. என் கொழுந்தனாரும் தன் காரை அங்கேதான் நிறுத்துகிறார். போலீஸ் அபராதம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கட்டிவிடுவேன் அண்ணி. என்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஆகும் செலவு உங்களுக்குத் தெரியாது" என்றார்.