கம்மவான்பேட்டையிலிருந்து ரூபோல்டிங் வரை

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சென்றால் வரும் கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர் அது. என் அப்பாவும் அவ்வூர்க்காரர்தான். இருபத்து நான்கு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி, அவற்றில் பல குளிர்காலங்களைக் காஷ்மீரில் கழித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், மியூனிக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். தொலைக்காட்சியில், முதுகில் துப்பாக்கியுடன் பனியில் சறுக்கி வந்த ஒருவர் சட்டென்று படுத்துக் குறி பார்ப்பதைக் கண்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்கம்மா நடக்குது?" என்று அக்காவிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை ரூபோல்டிங்குக்கு அழைத்துச் சென்றது.

மியூனிக்கிலிருந்து ட்ரௌன்ஸ்டைன் வரை ஒரு ரயில், அங்கே இறங்கி மாறினால் ரூபோல்டிங்கோடு முடிந்துவிடும் சிறிய ரயில் ஒன்று, பிறகு பேருந்து. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், இருபுறமும் ஊசியிலைக் காடு சூழ்ந்திருக்க, கீம்காவ் அரங்கம் இருக்கிறது. பயத்லான் உலகக் கோப்பைப் போட்டிகள் ஜனவரி மாதத்தில் இங்கே நடப்பது வழக்கம். மேடு பள்ளமான பாதையில் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் குறுக்கு நாட்டுப் பனிச்சறுக்கையும் துப்பாக்கி சுடுதலையும் ஒரே போட்டியாகச் சேர்த்ததுதான் பயத்லான். மூச்சு வாங்கச் செய்வது ஒன்று, மூச்சை அடக்கச் சொல்வது மற்றொன்று.

அன்று ஆண்களுக்கான 20 கிலோமீட்டர் தனிநபர் போட்டி. வீரர்கள் முப்பது விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். நான்கு முறை சுடுமிடத்துக்கு வர வேண்டும். முதலில் படுத்து, அடுத்து நின்று, மறுபடி படுத்து, மறுபடி நின்று, ஒவ்வொரு முறையும் ஐந்து தோட்டாக்கள். இலக்கு 50 மீட்டரில் இருக்கிறது என்று கேட்டதும் அப்பாவின் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரிந்தது, ஏனென்றால் அவர் 300 மீட்டரில் சுட்டுப் பழகியவர். படுத்துச் சுடும்போது இலக்கின் அளவு 45 மில்லிமீட்டர், அதாவது ஓர் எலுமிச்சம்பழம், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், அதாவது ஓர் உரித்த தேங்காய் என்று சொன்னதும் அந்த ஏமாற்றம் மறைந்துவிட்டது.

எங்கள் இடத்திலிருந்து சுடுமிடம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வீரர் வந்து நின்று, கைக்கோல்களை விரிப்பின் ஓரத்தில் போட்டார். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியைத் தோளிலிருந்து முன்னுக்கு எடுத்து, குழல் முனையில் பனி புகாதிருக்கப் போட்டிருந்த மூடியைத் தட்டித் திறந்தார். அவர் முதுகிலிருந்து இட்லிக் குண்டானைத் திறந்தாற்போல ஆவி எழுந்துகொண்டிருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. அரை கிலோ அழுத்தத்துக்கே இணங்கும் விசையின் மீது விரல் நின்றது. ஒரு வெடிச்சத்தம், கறுப்பு வட்டம் வெள்ளையாக மாறியது, ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் ஆரவாரம் செய்தார்கள். அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே துப்பாக்கியின் பூட்டை முன்னும் பின்னும் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றினார், கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு அகலவேயில்லை. அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியாடா, மூச்சப் பாதி உட்டுட்டு அப்படியே நிறுத்துறான். அப்பதான் உடுறான்" என்றார். ஓடி வந்த நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் நிலையில் மூச்சை நெடுநேரம் நிறுத்த முடியாது என்பதால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடையில் ஓரிரு மூச்சு வாங்கிக்கொண்டு அந்தச் சிறு இடைவெளிக்குள் விசையை அழுத்த வேண்டியிருக்கிறது.

தனிநபர் போட்டியில் ஒரு குறி தவறினால் நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள். விரைவோட்டம், துரத்தல் முதலிய மற்றப் போட்டிகளில் தவறிய ஒவ்வொரு குறிக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்றைச் சுற்றிவர வேண்டும். அது அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். ஆகவே வேகத்தைவிடக் குறி பெரிதாக மதிக்கப்படுவது தனிநபர் போட்டியில்தான், என் மனத்துக்கு நெருக்கமானதும் அதுவே. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் பயத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, ஸ்வீடனைச் சேர்ந்த கிளாஸ் லெஸ்டாண்டர் சறுக்கும் வேகத்தில் பலருக்குப் பின்னால் இருந்தும், இருபது தோட்டாக்களையும் இலக்கில் சேர்த்துத் தங்கம் வென்றார். பெண்கள் ஒலிம்பிக் பயத்லானில் களமிறங்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மிக நீண்ட தாமதம்.

திரும்பும் ரயிலில், இந்த விளையாட்டின் வேர் பட்டாளத்தில் இருப்பதை அப்பாவிடம் சொன்னேன். 1924-இல் பிரான்சின் ஷாமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நான்கு பேர் கொண்ட ராணுவ ரோந்து அணிகள் பனியில் சறுக்கிச் சுட்டுப் போட்டியிட்டன, சுவிட்சர்லாந்து வென்றது. பிற்காலத்தில் பயத்லானாக உருவெடுத்த பின்னும் பெரிய துப்பாக்கிகளே நெடுங்காலம் இருந்தன, 1978-இல்தான் சிறிய .22 தோட்டாவுக்கு மாறினார்கள். அப்பா சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பனியில் தாம் நடந்த ரோந்துகளைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. அன்று ட்ரௌன்ஸ்டைன் வரும்வரை பேசினார். கையுறைக்குள் விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிய கதையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகனைக் கும்பிடப் போனோம். வேலூர் வெயில் ஆடியிலும் தணியவில்லை. அடிவாரத்தில் பலூன் சுடும் கடை ஒன்று போட்டிருந்தார்கள். ரூபோல்டிங்கை நினைத்துக்கொண்டு, படிகளை ஒரே ஓட்டமாக ஏறி இறங்கி வந்து, நின்றபடியே துப்பாக்கியை வாங்கினேன். முனை என் நாடித்துடிப்புக்கு ஏற்ப ஆடியது, மஞ்சள் பலூன் ஒரு நொடி தெரிந்து மறுநொடி விலகியது. ஐந்து ரவையில் ஒன்றுதான் பட்டது. கடைக்காரரிடம் இன்னும் ஐந்து ரவைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அப்பா என் முதுகில் கை வைத்தார்.

"அவசரமில்லடா. ரெண்டு மூச்சு வாங்கு. மூணாவது மூச்சப் பாதியில நிறுத்து."